நான் சொல்கிற வரைக்கும் கழற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய பல் மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் செல்வ மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பாமல் இருக்க என்னிடம் ஆதாரம் ஏதும் இல்லை. இங்கே தகப்பனாரும் நானும் நலம் என்று எழுதுவது முறை. அந்த வாக்கியத்தில் பாதி பொய் என்பதால் மீதிப் பாதியை மட்டும் எழுதுகிறேன்: நான் நலம்.

நான் பேசாமல் இருந்தது போதும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்தேன் என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்க நினைத்தேன். ஆனால் கடிப்பதற்கு வேண்டிய பல்லைத் தாங்கள் மாணவராக இருந்த காலத்திலேயே பிடுங்கிவிட்டீர்கள். நினைவிருக்காது. பிடுங்கியவருக்கு எப்படி நினைவிருக்கும்? "அண்ணா, ஒரே ஒரு பல்லுண்ணா, பரீட்சைக்கு ஆள் கிடைக்கலைண்ணா" என்று கெஞ்சி, என்னை அந்தச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, இடப்பக்கத்துச் சொத்தைப் பல்லை அப்படியே விட்டுவிட்டு வலப்பக்கத்து நல்ல பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தீர்கள். கேட்டதற்கு, "உனக்கு எதிர்ல நின்னு பாத்தா அதுதாண்ணா இடது" என்றீர்கள். தேர்விலும் தேறிவிட்டீர்கள். சொத்தைப் பல் பிறகு தன் வேளை வந்து தானே போய்விட்டது. ஆகவே எனக்கு இரண்டு பக்கமும் சந்து. இருந்தும் அதை நான் ஒருநாளும் மனதில் வைத்துக்கொண்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் அப்பாவின் பல் செட். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் தாங்கள் செய்துகொடுத்தவை. அழகான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். நான்கு ஆண்டுகள் ஆகியும் முன்பல் மின்னுகிறது. ஆனால் அந்த மின்னலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் தாங்கள் அப்பாவை ஞாயிற்றுக்கிழமைதோறும் காதால் பார்க்கிறீர்கள். நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

நீ அந்தப் பல்லை வைத்த நாளை நினைத்துப் பார். (மன்னிக்கவும், 'நீ' என்று வந்துவிட்டது. அடித்துவிட்டுத் திருத்தலாம் என்று பார்த்தேன். தாள் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.) நீ உன் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். அப்பாவிடம் மிச்சம் இருந்த ஆடும் பற்களை உன் நண்பரின் மருத்துவமனையில் வைத்துப் பிடுங்கினாய். புண் ஆறக்கூட விடாமல் அதன்மேலேயே புது செட்டை அழுத்தி உட்காரவைத்தாய். அப்படித்தான் வைக்க வேண்டுமாம், அது ஒரு முறையாம், நான் குறை சொல்லவில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: "அப்பா, இன்னிக்குக் கழட்டக் கூடாது. கழட்டினா ஈறு வீங்கிடும், திரும்ப உள்ள போகாது. காலைல நான் வீட்டுக்கு வந்து பாக்கறேன். நான் சொல்ற வரைக்கும் கழட்டாதீங்க." அப்பா தலையை ஆட்டினார். வாய் நிறையப் பஞ்சு. அதனால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

அன்று சாயங்காலம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்ததை உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, ஆனாலும் நினைவூட்டுகிறேன். அப்பாவை இனி யார் பார்த்துக்கொள்வது என்று பேச்சு வந்தது. என் துறையை அந்த மாதம்தான் மூடியிருந்தார்கள். தர்க்கவியல் படிக்க மாணவர் வரவில்லை. மாணவர் இல்லாத துறைக்கு ஆசிரியர் தேவையில்லை. ஆகவே நான் தேவையில்லை. பிழையே இல்லாத தர்க்கம், நானே மதிப்பெண் போட்டிருப்பேன். அந்த நேரத்தில் நீ தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "உனக்கென்னண்ணா, நீ சும்மாதானே இருக்கே, நீ பாத்துக்கோ" என்றாய். சும்மா! அந்த ஒரு சொல்லை எடுத்து நான் எத்தனை நாள் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பேன் தெரியுமா? இலவசம் என்றும் பொருள், வீண் என்றும் பொருள், விளையாட்டுக்கு என்றும் பொருள். நீ எந்தப் பொருளில் சொன்னாயோ, மூன்றும் எனக்குப் பொருந்தின. நான் எழுந்து நின்று, "இனிமே உங்கிட்ட ஒரு வார்த்தை பேசினா, ஒரு வரி எழுதினா, எம்பேரை மாத்தி வச்சுக்கோடா" என்றேன். நீ கையைக் கழுவாமல் எழுந்து உன் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டாய். மறுநாள் அங்கிருந்தே விமானம்.

காலையில் நீ வரவில்லை.

அப்பா குளித்துவிட்டு, சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, வெளிச்சம் நன்றாக விழும்படி நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நீ வந்தால் வாயைப் பார்க்க வசதியாக இருக்குமாம். மத்தியானம்வரை அங்கேயே இருந்தார். பிறகு எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார். ஆனால் பல்லைக் கழற்றவில்லை. அன்று மட்டும் இல்லை. அன்றிலிருந்து.

நீ சிரிப்பாய். நானும் முதலில் சிரித்தேன். நீ படித்தவன், உனக்குப் புரியும்படி சொல்கிறேன்: நம் அப்பா ஆயுள் முழுக்கச் சரக்கு ரயில் ஓட்டியவர். அவரிடம் போய், "அப்பா, அவன் சொன்னது ஒரு நாளைக்குத்தான், டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை, பாதையில் மேயும் ஆட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சிகப்பு விழுந்தா வண்டி நிக்கணும். பச்சை விழுந்தாத்தான் எடுக்கணும். நிறைய நேரம் ஆச்சே, மறந்திருப்பாங்களோன்னு நாமளே எடுத்துட்டுப் போகக் கூடாது. அப்படிப் போனவன்லாம் இப்ப இல்ல." நான் படித்த தர்க்கத்தில் இந்த இடத்துக்குப் பதில் கிடையாது.

பல்லைத் தேய்க்காமல் இல்லை. வாயிலேயே வைத்துத் தேய்ப்பார். காலையில் பசையைப் பிதுக்கிப் போட்டு, பழைய முரட்டுப் பிரஷ்ஷால், இன்ஜினுக்குக் கரி அள்ளுகிற வேகத்தில். முன்பக்கம் பளபளக்கும். பின்பக்கத்துக்கும் அண்ணத்துக்கும் நடுவே என்ன குடியிருக்கிறது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. கொஞ்ச நாளில் வாய் ஓரம் வெடித்தது. பனி என்றார். காரம் ஒத்துக்கொள்ளவில்லை, காரத்தை நிறுத்தினோம். பிறகு கடினமானது ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாவற்றையும் குழைத்துக் கொடுத்தேன். பிறகு குழைத்ததும் பாதித் தட்டில் நின்றது. இடுப்பில் வேட்டி நிற்காமல் பெல்ட் கட்டினார். சர்க்கரை ஒருநாள் மலை, ஒருநாள் பள்ளம். வயசானால் இப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் வயதைக் காரணம் சொல்லிவிட்டால் அப்புறம் எதையும் பார்க்க வேண்டியதில்லை, பார்.

இந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் இருமல் வந்தது. தூசி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினதும் இருமல் வீட்டுக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தது. பிறகு ஜுரம். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்து, "லைன் கிளியர் குடுத்தாச்சா? குடுத்தாச்சா இல்லையா, சொல்லித் தொலைங்கடா" என்று வண்டி எடுக்க அனுமதி கேட்டு யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்வது? "குடுத்தாச்சுப்பா" என்றேன். "நீ யாரு?" என்றார். "பெரியவன்ப்பா." "உன்னைக் கேக்கல" என்றார்.

அந்தச் சமயத்திலும் உன்னைக் கூப்பிட எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது, தோன்றவில்லை என்று வைத்துக்கொள்.

மருத்துவமனையில் நெஞ்சு டாக்டர் ஒரு அம்மா. பேனா மாதிரி சின்ன டார்ச் வைத்திருந்தார். நெஞ்சைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். "பெரியவரே, பல்லு சொந்தமா?" "எஞ்சின்னப் பையன் போட்டது." அந்த மூச்சிரைப்பிலும் உன்னைச் சொல்லும்போது ஒரு நிமிர்வு, பார்க்க வேண்டும் நீ. "நல்லா இருக்கு. கொஞ்சம் கழட்டுங்க, உள்ள பாக்கணும்." "முடியாது." "வலிக்குதா?" "வலிக்கல. அவன் இன்னும் சொல்லல." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் கையை எப்படிக் கழுவுவது என்று படம் போட்டிருந்தது. கடைசியில் ஜுரம் ஏறி நினைவு மங்கியிருந்தபோது நர்ஸ் மெதுவாகக் கழற்றிவிட்டாள். மேல் வரிசை வெளியே வந்தது. டாக்டர் அம்மா முகமூடியை மூக்குக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். "சார், பல்லுதானேன்னு விட்டுட்டீங்க போல. அண்ணம் பூரா பூஞ்சை, செக்கச்செவேல்னு கெடக்கு. ராவும் பகலும் பல் செட்டால மூடியே வச்சிருந்தா அது வேற எங்க போகும்? படுத்துத் தூங்கும்போது அந்த அழுக்கெல்லாம் எச்சிலோட மூச்சுக்குழாயில எறங்கும். சின்ன வயசுன்னா இருமித் துப்பிடுவோம். இவருக்கு அந்தத் தெம்பு ஏது? நுரையீரல்ல சளி கட்டினதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும். வாய் புண்ணு, அதனால சாப்பாடு இல்ல, அதனால எடை இல்ல, சர்க்கரையும் தாறுமாறு. ஒண்ணப் பிடிச்சு ஒண்ணு." "இப்ப என்ன செய்யணும்?" என்றேன், மாணவன் மாதிரி. "வாய்க்கு மருந்து தரேன். ஆனா மருந்த விட இதுதான் முக்கியம். ராத்திரி படுக்கப் போறப்ப கழட்டணும். மெத்துன்னு ஒரு பிரஷ், பாத்திரம் தேய்க்கற சோப்புத் தண்ணி, அவ்வளவுதான். பேஸ்ட் போட்டா கீறல் விழும், கீறல்ல அழுக்கு ஒட்டும். வெந்நீர் ஊத்தினீங்கன்னா கோணிக்கும். கழுவிட்டு ஒரு டப்பால பச்சத் தண்ணில போட்டு மூடி வைங்க. ஈறையும் நாக்கையும் துணியால தொடச்சுவிடுங்க. காலைல போட்டுக்கட்டும்." போகும்போது திரும்பி நின்றார். "இன்னொரு தடவை இந்த மாதிரி வந்தா எழுந்திரிப்பார்னு என்னால சொல்ல முடியாது. நீங்க கூடவே இருக்கீங்களா? வீட்ல என்ன பண்றீங்க?"

"சும்மாதான் இருக்கேன்" என்றேன். என் வாய்தான் சொன்னது, சொல் உன்னுடையது. இத்தனைக்கும் எனக்கு இப்போது வேலை இருக்கிறது. பழைய கல்லூரியிலேயே அலுவலகத்தில், தேர்வு அறைகளில் இருக்கை எண் ஒட்டுகிற வேலை. யார் எங்கே உட்கார வேண்டும் என்று இன்றைக்கும் நான்தான் முடிவு செய்கிறேன்.

ஜுரம் இறங்கிக் கண் விழித்ததும் அப்பா முதலில் நாக்கால் வாயைத் துழாவினார். அப்புறம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பல்லைக் கழுவி, மறுபடி வைத்து முடிக்கும்வரை எங்கள் யாரோடும் பேசவில்லை. வைத்தபிறகு சொன்ன முதல் வாக்கியம்: "இது கணக்குல வராது. நெனவு இல்லாதப்ப எடுத்தது." பார்த்தாயா? அந்த வாதத்திலும் ஓட்டை இல்லை. என் துறையை மூடியிருக்கலாம், தர்க்கம் வீட்டில்தான் இருக்கிறது.

வீடு திரும்பியபிறகு நான் எல்லாவற்றையும் முயன்றேன். டாக்டர் சொன்னதை எழுதி அப்பாவின் கட்டிலுக்கு எதிரே ஒட்டினேன்; அதன்மேல் துண்டைக் காயப்போட்டார். "இன்னொரு தடவை வந்தா போயிடுவீங்கப்பா" என்று நேராகவே சொன்னேன். "போனா வருவான்ல?" என்றார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, நானே எடுத்துவிடுவது என்று துணிந்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஆட்காட்டி விரலை மேல் வரிசையின் ஓரத்தில் நுழைத்தேன். வாய் மூடிக்கொண்டது. அப்பா என்னைக் கடித்தார் என்று சொல்ல மாட்டேன், அப்பாவுக்கு ஏது பல்? என்னைக் கடித்தது உன் கைவேலை. நீ ஒருமுறை என் பல்லை எடுத்தாய். இப்போது உன் பல் என் விரலை எடுக்கப் பார்த்தது. அப்பா கண்ணைத் திறந்து, "திருட்டுப் பயலே" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதற்காகவே இன்னொரு விரலையும் கொடுத்திருப்பேன்.

அன்றிலிருந்து அறைக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தூங்குகிறார். நான் பல்லைத் திருடுவேனாம். உள்ளே என்ன ஆனாலும் எனக்குத் தெரியாது. நான் இந்தப் பக்கம் கதவில் காதை வைத்து இருமல் கேட்கிறதா என்று நிற்கிறேன். கேட்டால் பயம். கேட்காவிட்டால் அதைவிடப் பயம்.

போதாததற்கு வீட்டில் பொருள்கள் வேறு காணாமல் போகின்றன. நான் வாங்கிவைத்த மெது பிரஷ் போய்விட்டது. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் ரெண்டு ஆள் வீட்டில் இருபது பேர் சாப்பிட்டதுபோலத் தீர்கிறது. என் மதியச் சாப்பாட்டு அடுக்கில் மூடி போட்ட சின்ன டப்பா ஒன்று உண்டு, பழத்துண்டு எடுத்துப்போவது. அது சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. எனக்கே மறதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஐம்பது தாண்டிய ஆளுக்கு இதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். உன் அண்ணி அவள் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை என்பது உனக்கு அப்பா சொல்லியிருப்பார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ரெண்டு பேரு பேசாம இருக்கறதுக்கு மூணாவது ஆளு எதுக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலங்களைப் பற்றி உனக்குத் தெரியாது. நான் வந்து விளக்கைப் போடுவேன். அவருக்குக் குழைத்ததும் எனக்குக் குழைக்காததுமாக இரண்டு தட்டு. தொலைக்காட்சியைச் சத்தம் இல்லாமல் வைப்பார். படம் ஓடினால் போதுமாம், பேசறவங்க பொய்தான் பேசுவாங்களாம். அப்புறம் மெல்லுகிற சத்தம். டக், டக், டக். இந்த வீட்டில் சாயங்காலம் பேசிக்கொள்வது உன் பற்கள் இரண்டு வரிசையும்தான். மேல் வரிசை கீழ் வரிசையிடம் ஏதோ சொல்கிறது, கீழ் வரிசை ஆமாம் போடுகிறது. சில நாள் நான் சாப்பிட்டு முடித்தபிறகும் தட்டை எடுக்காமல் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் போன் வரும்போது நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன், கேட்காமல் இருப்பதற்கு. தண்ணீர் வராத நாட்களில் கேட்கிறது. "பல்லு எப்படிப்பா இருக்கு?" என்பாய். அப்பா, "ஜோரா இருக்கு. வச்ச எடத்துல அப்படியே இருக்கு, நகரவே இல்ல" என்பார். அந்தப் பக்கம் நீ பெருமையாகச் சிரிப்பது இந்தப் பக்கம் கேட்கும். முட்டாளே! உன் வேலைத்திறமையைச் சொல்கிறார் என்று நினைத்தாயா? அவர் உனக்குக் கணக்கு ஒப்பிக்கிறாரடா. நீ நிறுத்திவைத்த இடத்திலேயே வண்டி நிற்கிறது என்கிறார்.

போன வாரம் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அப்பா, வாரா வாரம் அவங்கூடப் பேசறீங்க. ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன், கழட்டலாமாடான்னு. கழட்டுங்கப்பான்னு சொல்லிடுவான். முடிஞ்சுது." அப்பா ரொம்ப நேரம் துண்டை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார். அப்புறம், "போன்லயே சொல்லிட்டான்னா, அப்புறம் அவன் எதுக்கு வரணும்?" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். எனக்காக இல்லை. எனக்கு உன்னிடம் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. நான் நலம் என்று முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன். போனில் சொல்லாதே. சொன்னால் கழற்றிவிடுவார், கழற்றினால் நுரையீரல் பிழைக்கும், வேறு ஏதோ ஒன்று போய்விடும். சொல்லாமல் அங்கேயே இருந்தாலும் நுரையீரல் போய்விடும். ஆகவே மிச்சம் இருப்பது ஒன்றுதான்: வா. காலையில் வா. நாற்காலியை ஜன்னல் பக்கம் நானே இழுத்துப் போட்டுவைக்கிறேன். வந்து, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே பார்த்து, நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லிவிட்டு, ராத்திரி எப்படிக் கழுவி வைப்பது என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போ. என்னோடு பேச வேண்டாம். நான் குளியலறையில் இருப்பேன்.

இதை எழுதும்போதே அப்பா இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டார். "யாருக்கு எழுதற, இவ்வளவு நீட்டு?" "பத்திரிகை ஆசிரியருக்கு." "எதைப் பத்தி?" "தண்ணி சரியா வர்றதில்லைன்னு." "எழுது, எழுது. பல்லைப் பத்தியும் ரெண்டு வரி எழுது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். குழந்தைக்கு என் ஆசிகள். இனிப்பு அதிகம் கொடுக்காதே என்று ஒரு பல் மருத்துவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வயதில் மூத்தவன் என்ற ஒரே தகுதியில் உனக்கும் ஆசி கூறுகிறேன்: எல்லாப் பற்களோடும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,

(இந்த இடத்தில் என்ன எழுதுவது என்று பிறகு யோசிக்கிறேன்.)

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டு வேறு எழுத வேண்டும். நேரமில்லை, இதையும் படித்துக்கொள். கடிதத்துக்கு உறை வாங்கக் கடைக்குக் கிளம்பினேன். தெருமுனை போனதும்தான் பர்ஸை மேஜையிலேயே விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. திரும்பி வந்தேன். பின்கட்டில் குழாய்ச் சத்தம். போய்ப் பார்த்தால், வாஷ் பேசின் முன்னால் அப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் மேல் வரிசை, ஒரு கையில் என் மெது பிரஷ், பேசின் விளிம்பில் பாத்திர சோப்பு. கீழ் வரிசை ஏற்கெனவே கழுவி, தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. எதில் என்று கேள். என் சாப்பாட்டு அடுக்கின் சின்ன டப்பாவில். போன மாதம் அதில் நான் பழத்துண்டு சாப்பிட்டேன், பலமுறை.

மருத்துவமனையில் படுத்துக் கிடந்தபோது தவிர, பல் இல்லாமல் எழுந்து நிற்கிற அப்பாவை நான் பார்த்ததே இல்லை. கன்னம் இரண்டும் உள்ளே போய், முகமே சின்னதாகி, யாரோ நம் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல இருந்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவர் பேசியதும் வெறும் காற்றும் குழறலுமாக இருந்தது. ஆனால் எனக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

"என்னிக்கிலேர்ந்துப்பா?"

"ஆஷ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்துதான். அந்த டாக்டரம்மா ஷொன்னது ஷரிதானே."

"அப்ப ஏன் தாழ் போட்டுக்கிட்டு, என்னை இந்தப் பாடு படுத்தினீங்க?"

அவர் மேல் வரிசையை நிதானமாகத் திருப்பிப் பின்பக்கம் தேய்த்தார். அலசினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கழட்டிட்டேன்னு தெரிஞ்சா அவன் எதுக்கு வரணும்? நீ எதுக்கு அவனுக்கு எழுதணும்?"

"நான் ஆசிரியருக்குத்தான் எழுதறேன்" என்றேன்.

"ஆமா, ஆமா" என்றார். டப்பாவை மூடி என் கையில் கொடுத்தார். "தண்ணி விஷயம்தானே. அவங்கிட்ட நான் கழட்டினதை மட்டும் ஷொல்லிடாத."

சொல்லிவிட்டேன். ஆகவே தம்பி, அவசரம் ஒன்றும் இல்லை. பூஞ்சை ஆறிவருகிறது, இருமல் குறைந்திருக்கிறது, தட்டு காலியாகிறது. நேற்று அவர் தட்டு காலியானதை நான் ஏன் கவனிக்கவில்லை என்று தெரியவில்லை. நீ வராவிட்டாலும் யாரும் சாகப்போவதில்லை. மேலே இருக்கிற கடிதம் முழுக்க வீண். ஒரே ஒரு வார்த்தை மட்டும் வீணில்லை, 'வா' என்று எழுதியிருக்கிறேனே, அது. அதை அடிக்கவில்லை.

கையெழுத்துப் போட உட்கார்ந்தேன். போட முடியவில்லை. உனக்கு ஒரு வரி எழுதினால் என் பேரை மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னவன் நான். ஒரு வரியா எழுதியிருக்கிறேன்? பழைய பேர் போய்விட்டது, புதுப் பேர் இன்னும் யாரும் வைக்கவில்லை. அதனால் கையெழுத்து இல்லாமலேயே தபாலில் போடுகிறேன். எழுதியது யார் என்று சந்தேகமாக இருந்தால் நேரில் வந்து கேள். கதவைத் திறக்க ஆள் இருக்கிறது, சும்மாதான் இருக்கிறேன்.